மூன்றாவது தடவை

எங்கள் கல்லூரியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. வாசலில் 'இதர மொழிகள்' என்று பலகை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனித் துறை, தனித்தனித் தலைவர், ஏ.சி. எல்லாம் உண்டு. மிச்சமிருக்கும் மொழிகளைக் காலொடிந்த பெஞ்சுகளோடு சேர்த்து இந்த அறையில் தள்ளிவிட்டார்கள். நான் பிரெஞ்சு. எனக்கு எதிர் மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நஸ்ருன்னிசா. அவள் பாரசீகம். எங்கள் இருவருக்கும் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். இதில் கௌரவம் எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.

நஸ்ருன்னிசா ஈரானைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. பிறந்தது மீர்சாகிப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது மேற்கு மாம்பலம். இடையில் இருக்கும் நான்கைந்து கிலோமீட்டர்தான் அவள் செய்த பெரிய பயணம். அப்பா மாநகராட்சியில் குமாஸ்தா. அவளுக்கு வேதியியல் படிக்க ஆசை. மதிப்பெண் போதவில்லை. சேர்க்கைக் கவுன்ட்டரில் இருந்தவர், பி.ஏ. பாரசீகத்தில் இடம் இருக்கிறது, இப்போது சேர்ந்துகொள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கடிதம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இங்கே அலுவல் மொழி பாரசீகம்தான். அதை எழுதுவதற்கென்றே முன்ஷிகள் என்கிற எழுத்தர்கள் இருந்தார்கள். விருந்துக்கு எப்படி அழைப்பது, வர முடியாது என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது, சாவுக்கு எப்படி ஆறுதல் எழுதுவது என்று மாதிரிக் கடிதங்களைத் தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகளில் நான்கை அவள் ஆறு வருஷம் உட்கார்ந்து படித்தாள். இவளிடம் ஒரு மணி நேரம் லீவு கேட்டு எழுதச் சொன்னால்கூட, முதல்வரின் நிழல் நீடூழி வாழ்க என்றுதான் ஆரம்பிப்பாள். நான் அடித்துவிட்டு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று போடுவேன்.

அவளுக்கு டெஹ்ரானில் ஒரு சிநேகிதி இருந்தாள். மினூ என்று பெயர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இதே பழைய கடிதங்களைப் படிப்பவள். சென்னை நூலகம் ஒன்றில் இருக்கும் ஒரு கடிதத் தொகுப்பைப் பற்றி விசாரித்து எங்கள் துறைக்கு எழுதியிருந்தாள். நூலகத்தில் நகல் எடுக்க அனுமதி இல்லை. நஸ்ருன்னிசா இரண்டு கோடை விடுமுறையைச் செலவழித்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கையால் எழுதித் தபாலில் அனுப்பினாள். மினூவின் அந்த முதல் விசாரிப்பிலேயே தொடங்கிய பழக்கம். முதலில் தபால், பிறகு ஈமெயில், பிறகு வாட்ஸ்அப். பத்தொன்பது வருஷம். எல்லாமே எழுத்தில். ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

ஏன் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. ஒருமுறை மினூ போன் செய்தபோது நான் எதிரிலேயே இருந்தேன். நஸ்ருன்னிசா கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வகுப்பில் இருந்தேன், மன்னிக்கவும் என்று எழுதினாள். அதற்கு மினூ எழுதிய பதிலை எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னாள். 'உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று நானும் என் மகளும் ஊகித்துக்கொண்டே இருக்கிறோம்.'

"எடுத்துப் பேசேன்டி. கடிச்சா தின்னுடப் போறா?" என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். இங்கே நம் ஆட்கள் வாத்தியாருக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்து வருவது சில நூறு வருஷத்துக்கு முந்தைய உச்சரிப்பாம். அங்கே அது மாறிப்போய்விட்டதாம். ஏதோ ஒரு கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்தபோது, ஈரானிலிருந்து வந்திருந்த ஒரு மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறான். கூட இருந்தவனும் சிரித்திருக்கிறான். "அதுக்கப்புறம் அவங்க முன்னாடி வாயைத் திறக்கல நீரஜா. எழுத்துல நான் பெரிய ஆளு. வாயைத் திறந்தா கோமாளி."

இதில் எனக்கு அவள்மீது கோபம். எவனோ சிரித்தான் என்பதற்காக வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொள்வதா? ஆனால் நானும் பிரான்சுக்காரன் எவனிடமும் பேசியதில்லை என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு ஜூனிலும் அவளுடைய முதல் பாடம் தேநீர்ப் பாடம்தான். எங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு, அதனால் எனக்கு அது மனப்பாடம். முதலில் பியா என்றால் வா, போரோ என்றால் போ. பிறகு ஒரு மாணவியை எழுப்பி, டீ சாப்பிடுகிறாயா என்று கேட்பாள். அது சரி என்று சொல்லும். வகுப்பு சிரிக்கும். அங்கே அப்படி உடனே சரி சொல்லக் கூடாது என்று விளக்குவாள். அழைப்பவர் அழைக்க வேண்டும், விருந்தாளி மறுக்க வேண்டும். மறுபடி அழைக்க வேண்டும், மறுபடி மறுக்க வேண்டும். இது இரண்டும் மரியாதைக்கு. மூன்றாவது தடவையும் அழைத்தால்தான் மனதார அழைக்கிறார்கள் என்று அர்த்தம். பாடம் முடிந்ததும் கேன்டீனிலிருந்து நிஜமாகவே டீ வரும். பாரசீகம் எடுப்பது வருஷத்துக்கு ஆறேழு பேர்தான் என்பதால் கட்டுப்படியாகும்.

போன வருஷம் மார்ச்சில் மினூவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மகள் பரஸ்தூவுக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. விடுதி ஆகஸ்டில்தான் திறக்கும். ஆனால் ஜூன் எட்டாம் தேதி வாக்கிலேயே கூட்டிக்கொண்டு வந்து ஆங்கில வகுப்பில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று வாரம் நானும் இருந்து, நீங்கள் கையால் எழுதி அனுப்பினீர்களே, அந்தத் தொகுப்பை நேரில் பார்த்துவிட்டுப் போவேன். தெரிந்த லேடீஸ் ஹாஸ்டல் ஏதாவது இருக்கிறதா? இவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

நஸ்ருன்னிசா உடனே பதில் எழுதினாள். என் வீடு உங்கள் வீடு, உங்கள் இருவரின் காலடியும் என் கண்மீது, என் குடிசையின் வாசல் அந்த நாளுக்காகத் தவமிருக்கிறது என்றெல்லாம். எனக்கு வாசித்துக் காட்டினாள். குடிசையாவது! அது மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. கணவர் அன்வர் பாஷாவுக்குப் பாண்டி பஜார் பக்கம் சின்னதாகக் கண்ணாடிக் கடை. பையன் புனேயில் வேலை. இருவர் தங்கத் தாராளமாக இடம் இருந்தது.

மினூ மறுத்தாள். உங்களுக்குச் சிரமம் தர மாட்டோம், உங்கள் அன்பே போதும். நஸ்ருன்னிசா இரண்டாவது முறை எழுதினாள். முதலாவதைவிட நீளம், அதைவிட அலங்காரம். மினூ இரண்டாவது முறையும் மறுத்தாள். அதோடு, சரி, விடுதி திறந்த பிறகு ஆகஸ்டிலேயே வருகிறோம் என்று சேர்த்திருந்தாள்.

அதற்கு நஸ்ருன்னிசா என்ன எழுதினாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூன் ஏழு பக்ரீத். மறுநாள் எனக்குத் தூக்குச்சட்டியில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை டிவியைப் போட்டால் டெஹ்ரானில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. நான் போன் செய்தேன். "எழுதியிருக்கேன். நலமா இருக்கோம், கவலைப்படாதீங்கன்னு பதில் வந்துச்சு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கல்லூரி திறந்தது. கேன்டீன் தேவானை டீ டம்ளரோடு ஓடிவந்தாள். அவள் அடையாற்றங்கரையில் இருந்தவள். குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

"இன்னா மேடம், உங்க ஊர்ல பாம் போட்டுக்கினு கீறாங்களாமே? உங்க ஆளுங்கல்லாம் நல்லாக்கீறாங்களா?"

எல்லோருக்கும் அது அவளுடைய ஊர்தான். வாட்ச்மேன் கேட்டார், முதல்வர் கேட்டார், இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கள் அறைக்குள் எட்டிப் பார்க்காத இயற்பியல்காரர் வந்து அணுகுண்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி சேனலிலிருந்து வண்டியே அனுப்பிவிட்டார்கள். 'ஈரான் நிபுணர்' என்று பெயருக்குக் கீழே போட்டார்கள். அந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டதற்கு, நான் பழைய கடிதங்கள் படிப்பவள், எனக்குத் தெரியாது என்று இவள் சொன்னாள். அடுத்த நொடியே ரிடையர்டு ராணுவக்காரர் ஒருவரிடம் போய்விட்டார்கள். மிச்ச முக்கால் மணி நேரமும் திரையின் ஓரத்துக் கட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாளிலிருந்து அங்கே இணையத்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி. திங்கள் காலை இவள் அனுப்பியதற்கே ஒரே ஒரு டிக்தான் இருந்தது. அதற்குப் பிறகு அனுப்பியவற்றுக்கும் அதே ஒற்றை டிக்.

அவள் அழவில்லை. வேலைக்கு வந்தாள், கையெழுத்துப் போட்டாள், தயிர்சாதம் சாப்பிட்டாள், இன்டர்னல் மதிப்பெண் பட்டியலைத் தப்பில்லாமல் தயார் செய்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் சுவரைப் பார்ப்பாள். பாதி உடம்பை எங்கேயோ வைத்துவிட்டு மீதியோடு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். அன்வர் பாய் ஒருநாள் எனக்கு போன் செய்து, "வீட்லயும் அப்படித்தாம்மா இருக்கா. டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்புப் போட்டுக் குடுத்தா. நானும் குடிச்சிட்டேன். அவளும் குடிச்சிட்டா. அவளுக்குத் தெரியவே இல்லம்மா" என்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. புதிதாக ஏழு பேர். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பியா என்றால் வா. போரோ என்றால் போ. பிறகு தேநீர்ப் பாடம். இந்த வருஷம் அதை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. ஒரு பெண்ணை எழுப்பினாள், டீ சாப்பிடுகிறாயா என்றாள், அது சரி என்றது, வகுப்பு சிரித்தது. விளக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அப்போது அந்தப் பெண் கேட்டது. "மேடம், மூணாவது தடவை கூப்பிடலன்னா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வர வேணாம்னு அர்த்தம்" என்றாள் நஸ்ருன்னிசா. பிறகு வருகைப்பதிவை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வகுப்புக்கு டீ வரவில்லை.

மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் கேட்டேவிட்டேன். "மார்ச்சில மினூ ரெண்டாவது தடவை வேண்டாம்னு எழுதினாளே. அதுக்கு நீ என்ன எழுதின?"

"உங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்னு எழுதினேன்."

"ஏன்?"

அவள் டிபன் பாக்ஸை மூடி, ரப்பர் பேண்டை மாட்டினாள். "அன்னைக்கு நான் ரங்கநாதன் தெருவுல இருந்தேன். அவங்களுக்காக ரெண்டு பெட்ஷீட்டு, தலகாணி உறை எல்லாம் வாங்கிட்டு வெளிய வரேன், மெசேஜ் வருது. வேண்டாம், ஆகஸ்டு வர்றோம்னு. கடை வாசல்லயே நின்னு படிச்சேன். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. மூணு வாரம் அவ என் வீட்ல இருந்தா நான் பேசித்தானே ஆகணும்? பத்தொன்பது வருஷமா என்னைப் பெரிய மேதைன்னு நெனச்சிட்டிருக்கா. வாயைத் திறந்தா தெரிஞ்சிடுமே."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும் நீரஜா. அவ மூணாவதுக்குக் காத்திருந்தா. ரெண்டு தடவை மறுத்தது மரியாதைக்கு. அதை வருஷா வருஷம் பாடம் நடத்துறவ நான். அவ்ளோ அலங்காரமா எழுதிட்டு மூணாவது எழுதலன்னா, மொதல்ல எழுதினதெல்லாம் சும்மா பேச்சுன்னு ஆயிடும். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கூப்பிட்டிருந்தா ஜூன் எட்டாம் தேதி ரெண்டு பேரும் மாம்பலத்துல இருந்திருப்பாங்க."

இதையெல்லாம் அவள் பஸ் ரூட் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதுவிடு, திட்டு, எதையாவது எடுத்து உடை என்றேன். "ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றாள்.

டம்ளர் எடுக்க வந்த தேவானை வாசலில் நின்று பாதியைக் கேட்டிருந்தாள். என்ன விஷயம் என்றாள். சொன்னேன். மூன்று தடவை கணக்கையும் சொன்னேன்.

"எங்க வூட்ல அப்டி இல்ல மேடம். வான்னா ஒரே வாட்டில வந்துடுவாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அதான் நாங்க யாரையும் கூப்புடறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் நஸ்ருன்னிசா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

போர் நின்றது. அங்கே இணையம் திரும்ப வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே இருந்தது. இணையம் இல்லாதபோதாவது இணையம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானமும் போயிற்று. அவளுடைய நிதானம் எனக்கு எரிச்சலூட்ட ஆரம்பித்தது. மேஜையில் போனைத் திரை மேலே தெரிய வைத்துவிட்டு அரைமணிக்கொரு தரம் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பேப்பர் திருத்துவாள். ஒருநாள் அந்த போனைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் கேட்கவே இல்லை. சாயங்காலம் நானாகத்தான் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூலை பதினான்காம் தேதி, காலை இடைவேளை. தேவானை டீயை வைத்துவிட்டு நகர்ந்தாள். போன் ஒளிர்ந்தது. நஸ்ருன்னிசா பார்த்தாள். ஒரு மாதமாக அனுப்பிய எல்லாவற்றுக்கும் மொத்தமாக இரண்டு டிக் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீல நிறமாக மாறியது.

"பார்த்துட்டா! மினூ பார்த்துட்டா!" என்று நான் எழுந்தே விட்டேன்.

அவள் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. படித்தாள். நான் கேட்பதற்கு முன்பே, வகுப்பில் மொழிபெயர்ப்பது மாதிரி வரிவரியாகச் சொன்னாள்.

"வணக்கம். நான் பரஸ்தூ. அம்மா ஜூன் பதினைந்தாம் தேதி இறந்துவிட்டார். எதிர்க் கட்டிடத்தில் குண்டு விழுந்தது. நான் அத்தை வீட்டில் இருக்கிறேன். அம்மாவின் போனை இன்றுதான் சார்ஜ் போட்டேன். உங்கள் செய்திகளைப் படித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

பிறகு அவள் ஆறுதல் கடிதம் எழுத ஆரம்பித்தாள். அது அவளுடைய தொழில். சாவுக்கு என்ன எழுத வேண்டும் என்று ஆறு வருஷம் படித்தவள். விரல்கள் வேகமாக ஓடின, நான்கு வரி, ஐந்து வரி. நின்றது. வலது ஓரம் வரை முழுவதையும் அழித்தாள். மறுபடி இரண்டு வரி அடித்தாள், அதையும் அழித்தாள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். சுடச்சுட இருந்திருக்கும். பிறகு போனை எடுத்து, அந்தப் பச்சை அடையாளத்தை அழுத்தி, காதில் வைத்தாள்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. யாரோ எடுத்தார்கள். சின்னக் குரல்.

நஸ்ருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். தன் பெயரைச் சொன்னாள். அடுத்து அலங்காரம் ஏதோ வரப்போகிறது என்று நான் நினைத்தேன். வரவில்லை. பிளைவுட் தடுப்பு வழியாக நான் பத்தொன்பது வருஷம் கேட்டுப் பழகிய, முதல் வகுப்பின் முதல் சொல்தான் வந்தது.

"பியா."

மார்பு விரிய மூச்சை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை சொல்ல, அதற்கும் மேல் மூன்றாவது தடவை சொல்லத் தயாராகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சின்னச் சின்னதாக இரண்டு மூன்று சொற்கள். போனை வைத்தாள்.

"என்ன சொன்னா?"

"நாப்பதாம் நாள் முடிஞ்சதும் வர்றேன்னா."

"அவ்ளோதானா?"

"மூணு தடவை கூப்பிடணும்னுதான் எடுத்தேன் நீரஜா. எத்தனை தடவை வேணாம்னாலும் விடக் கூடாதுன்னு..." அவள் தன் கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தாள். "அவ ஒரு தடவைகூட வேணாம்னு சொல்லல. உங்களுக்குச் சிரமம்னு, பேச்சுக்குக்கூடச் சொல்லல. வான்னேன். வர்றேன்னுட்டா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாயைக்கூடப் பொத்தாமல், வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய ஏழு பேரையும் என் வகுப்பில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.